மணிக்கட்டுக்குப் போட்ட ரெண்டு ஊசி

மில்லுல நூல் சுத்துற கோன் வைண்டிங் செக்‌ஷன்ல நான் சேந்த முதல் வாரமே பக்கத்து மிஷின்ல நின்ன அக்கா ஒருத்தி எனக்கு ஒரு புத்தி சொன்னா. "உடம்புக்கு என்ன வந்தாலும் வந்துட்டுப் போகட்டும்ட்டி. கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிராத." அவளுக்கு இடுப்புவலி. மேஸ்திரி கேட்டாரேன்னு மரியாதைக்கு "இப்பத் தேவலைங்கய்யா"ன்னு சொல்லியிருக்கா. அன்னைக்கு மத்தியானமே அவ லீவை ரத்து பண்ணி மிஷின்ல நிறுத்திட்டாங்க. ராஜபாளையத்துல மில்லு வேலைக்குப் போன பொம்பளைய எல்லாருக்கும் இந்தப் பாடம் தெரியும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாவே மண்டையில ஏறிருச்சு.

எனக்கு நோவு வந்தது வலது மணிக்கட்டுல. எண்பதுகளோட நடுவுல, ஒரு ஐப்பசி மழையில, மில்லு கேண்டீன் படியில வழுக்கி கையை ஊணி விழுந்தேன். எங்க வீட்டுக்காரவிய கான்சாபுரத்துப் பக்கம் எலும்பு வைத்தியர் ஒருத்தர்ட்ட கூட்டிட்டுப் போயி முட்டைக்கட்டு போட்டு, மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கூட்டியாந்தாவ. வீக்கம் வத்துச்சு. சரியாப்போச்சுன்னு நாங்களும் இருந்துட்டோம். உள்ள ஒரு சின்ன எலும்பு ஒட்டவே இல்லைங்கறது அப்ப யாருக்குத் தெரியும்?

ரெண்டு வருசம் கழிச்சு வலி வந்து குடியேறிருச்சு. நூல் பாபினைத் திருகி எடுத்தா வலி. கதவுத் தாழ்ப்பாளை நீக்குனா வலி. சோத்துப்பானையைச் சரிச்சு வடிச்சா வலி. ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்டக்கூட இடது கையாலதான் தடவணும். இட்லி மாவை ஒரு கரண்டி அள்ளுனா, மாவும் கரண்டியும் சேந்து கீழ விழும். வெளிய பாத்தா கையில ஒண்ணும் இருக்காது. வீக்கம் கிடையாது, தழும்பு கிடையாது. பாக்கதுக்கு அம்புட்டு லட்சணமான கை. அதுதான் எனக்கு வினை.

மேஸ்திரி நம்பவே மாட்டாரு. அவருக்குன்னு ஒரு பரிச்சை வச்சிருந்தாரு. நாம அசந்து நிக்கிற நேரமாப் பாத்து, "இந்தா தாயி"ன்னு ஒரு பாபினைத் தூக்கிப் போடுவாரு. எந்தக் கை நீளுதுன்னு பாப்பாரு. பழக்க தோசத்துல வலது கை நீண்டுச்சா, தொலைஞ்சோம். "வலிக்கிற கைதான் முந்திக்கிட்டு வருதோ?"ன்னு நாலு பேர் கேக்கச் சொல்லிச் சிரிப்பாரு. மில்லு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு, "தேய்மானம் இருக்கு, தைலம் தேய்ச்சுக்கோ"ன்னு சொன்னாரு. அதை மேஸ்திரிட்ட போயிச் சொன்னா, "தேய்மானம் யாருக்குத்தான் இல்ல? இந்த மிஷினுக்கும்தான் இருக்கு. அது ஓடலையா?"ங்காரு. அந்த வாய்ல ஒரு நாளாவது கொள்ளிக்கட்டையை வைக்கணும்னு நான் நினைச்சது வாஸ்தவம்.

லீவு போட்டா மில்லுலேருந்து வேவு பாக்க வீட்டுக்கே ஆள் வரும். எங்க வீட்டுக்காரவிய மம்சாபுரம் பஸ் ஸ்டாப்புல சைக்கிள் கடை வச்சிருந்தாவ. சூதுவாது தெரியாத மனுசன். ஒருநாள் ஒருத்தன் பஞ்சர் ஒட்டணும்னு வந்து நின்னுருக்கான். பேச்சுவாக்குல, "வீட்டுல மதினி எங்கண்ணே?"ன்னு கேட்டுருக்கான். இவியளும் வெள்ளந்தியா, "துணி துவைக்கப் போயிருக்கா"ன்னுட்டாவ. நான் போனது நெசம். இடது கையால சோப்புப் போட்டேன். அலசிப் பிழிஞ்சு தந்தது பக்கத்து வீட்டுக்காரி. அதையெல்லாம் அவன் எங்க கண்டான்? மறுநாள் மேஸ்திரி, "துணி துவைக்கக் கை வருது, பாபின் மாத்த வரலையோ?"ன்னு கேட்டாரு. வீட்டுக்கு வந்து இவியளை ஒரு பிடி பிடிச்சேன். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்"னு கத்துனேன். அன்னையிலேருந்து கை விசயம் எதையும் இவியகிட்ட முழுசாச் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

பொறவு நான் யாரையும் நம்பல. பக்கத்து மிஷினுக்குப் புதுசா வந்த பிள்ளை, "அக்கா, கை எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, இவளை யாரு கேக்கச் சொன்னதுன்னு யோசிப்பேன். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தாக்கூட, யாராவது பாக்காங்களான்னு பாத்துட்டுத்தான் வலது கையை இலைக்குக் கொண்டுபோவேன். யார் கேட்டாலும் ஒரே பதில். "அப்படியேதான் இருக்கு." எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. வலி போகணும். இல்லையா, இந்தக் கை வலிக்கத்தான் செய்யுதுன்னு ஒரு ஆளாவது நம்பணும். நாலு வருசத்துல ரெண்டும் நடக்கல.

கடைசியில மில்லுல கெடு வச்சாங்க. ஆபரேஷன் தேவைன்னு பெரிய டாக்டர் எழுதிக் குடுத்தா, லீவும் தந்து, பொறவு பேக்கிங்ல லேசான வேலையும் தருவாங்களாம். இல்லைன்னா வைண்டிங்குக்கு வரணும், அதுவும் முடியாதுன்னா நின்னுக்கணும். அப்ப ராஜபாளையத்துல ஒரு நர்சிங் ஹோமுக்கு ஞாயித்துக்கிழமை தோறும் மதுரையிலேருந்து கைக்குன்னே ஒரு டாக்டர் வந்துட்டு இருந்தாரு. தனியாத்தான் போனேன். கடைக்கு ஞாயித்துக்கிழமை காலையில ஆள் வரும்னு இவிய வரல.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. "ஒரு எலும்பு ஒட்டாமலே இருந்து மூட்டைத் தேய்ச்சிருக்கும்மா. இனி அதை ஒட்டவைக்க முடியாது. ஆனா வலியைக் குறைக்க ஒரு வழி இருக்கு. மணிக்கட்டுக்குப் பின்னால ஒரு நரம்பு ஓடுது. விரலை ஆட்டுறது அதோட வேலை இல்ல. மூட்டுல வலிக்குதுன்னு மூளைக்குச் சேதி சொல்றதுதான் வேலை. அதுல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டா சேதி போகாது."

எனக்குப் பகீர்னுச்சு. நரம்பை வெட்டுறதா! கூமாப்பட்டியில எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு அரிவாள் பட்டு நரம்பு அறுந்து, விரல் மடங்குனது மடங்குனபடியே நின்னுபோச்சு. "கை விளங்காமப் போயிருமேய்யா"ன்னேன்.

"போகாது. நம்பிக்கை இல்லைன்னா இன்னைக்கே பாத்துருவோம். அந்த நரம்பு பக்கத்துல ஒரு ஊசி போடுறேன். ஏழெட்டு மணி நேரம் அது மரத்துக் கிடக்கும். நீ வீட்டுக்குப் போயி எது செஞ்சா வலிக்குமோ அதையெல்லாம் செஞ்சு பாரு. சாயங்காலம் வந்து சொல்லு. வலி போயிருந்தா ஆபரேஷன்ல பலன் இருக்கும். போகலைன்னா வெட்டி பிரயோசனமில்ல. படத்துல தேய்மானம்தான் தெரியும்மா, வலி தெரியாது. இதைவிட மோசமாத் தேஞ்சும் வலியில்லாம திரியிறவங்க இருக்காங்க. எனக்கு உன் வாய்ச்சொல்லுதான் கணக்கு."

ஊசியைப் போட்டாரு. விரலை ஆட்டச் சொன்னாரு, ஆடுச்சு. பஞ்சால புறங்கையைத் தொட்டாரு, தெரிஞ்சுது. ஒண்ணுமே மரக்கலையே, இது என்ன ஊசின்னு பஸ்ஸுல வரும்போதெல்லாம் நினைச்சுக்கிட்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து மொதல்ல தாழ்ப்பாளை நீக்குனேன். வலிக்கல. சரி, தற்செயலா இருக்கும்னு சோத்துப்பானையைத் தூக்கிச் சரிச்சேன். வலிக்கல. புழக்கடைக்குப் போயி, ரெட்டைக் கட்டில் பெட்ஷீட்டை வாளியில முக்கி எடுத்து, ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிழிஞ்சேன். நாலு வருசமா நான் ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழிஞ்சதில்ல. தண்ணி கொடகொடன்னு கொட்டுச்சு. வலியே இல்ல. சாமி சத்தியமா, துளிகூட இல்ல. தனியா நின்னு சிரிச்சேன். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துச்சு. பிழிஞ்சதை மறுபடியும் நனைச்சு மறுபடியும் பிழிஞ்சேன்.

கடையைச் சாத்திட்டு வந்த இவிய பின்வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காவ. "என்னட்டி, தானாச் சிரிக்க?"ன்னாவ. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா பஞ்சர்காரன் ஞாபகமும் கூடவே வந்துச்சு. இந்த மனுசன்ட்டச் சொன்னா நாளைக்கு பஸ் ஸ்டாப் பூராவும் தெரியும். "ஒண்ணுமில்ல, போங்க"ன்னுட்டேன்.

சாயங்காலம் ரெண்டு பேருமாப் போனோம். நர்சிங் ஹோம் வாசல்ல மேஸ்திரியோட ஸ்கூட்டர் நின்னுச்சு. உள்ள போறதுக்குள்ள டாக்டர் ரூம் கதவைத் தொறந்து அவரே வெளிய வாராரு. என்னைப் பாத்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. உடனே சமாளிச்சுக்கிட்டு, "என்ன தாயி, கை தேவலையா?"ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு போயிட்டாரு.

தேவலையா! எனக்கு எல்லாம் பட்டுபட்டுன்னு விளங்கிப்போச்சு. அதாவது, விளங்குன மாதிரி இருந்துச்சு. ஓகோ, இதுவும் அந்த பாபின் தூக்கிப் போடுற பரிச்சைதான். டாக்டரும் இவரும் கூட்டு. வலி போச்சுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். "ஒரே ஊசியில சரியாப் போச்சு, நாளைக்கு வைண்டிங்குக்கு அனுப்புங்க"ன்னு எழுதிருவாங்க. நரம்பாவது வெட்டுறதாவது, அதெல்லாம் என் வாயைப் பிடுங்கச் சொன்ன கதை. யார்ட்ட காது குத்துறாங்க?

உள்ள போனேன். டாக்டர் ஆசையாக் கேட்டாரு. "எப்படிம்மா இருந்துச்சு?"

"அப்படியேதான்யா இருக்கு."

"கொஞ்சம்கூடவா குறையல?"

"ஒரு துளிகூடக் குறையல."

அவரு மணிக்கட்டைப் பிடிச்சு மடக்குனாரு. வலிக்கல. நான் "அய்யோ அம்மா"ன்னேன். பக்கத்துல நின்ன இவிய திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாவ. நமக்காகப் பேசாம இருக்காவன்னு நான் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். டாக்டர் பேனாவை மூடுனாரு. "அப்ப இந்த நரம்பு இல்லம்மா. வெட்டி உனக்குப் பலன் இல்ல"ன்னாரு. குரல் ரொம்ப வாடிப்போச்சு. கூட்டுச் சேந்தவருக்கு எதுக்கு வாடணும்னு அப்பவாவது எனக்குத் தோணியிருக்கணும். தோணல.

புதன்கிழமை ஷிப்ட் விடுற நேரம் மேஸ்திரி என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டு, "தாயி, என்னை அங்க பாத்ததை இங்க யார்ட்டயும் சொல்லிராத. எனக்கு விரலெல்லாம் மரத்துப்போகுது. டீ கிளாஸைப் பிடிக்க முடியல. மேனேஜருக்குத் தெரிஞ்சா வயசாயிருச்சுன்னு அனுப்பிருவாங்க"ன்னாரு. கெஞ்சுற மாதிரி நின்னாரு. அந்த ஆளைப் பாத்துப் பாவப்படுறதா, என் தலையில நானே அடிச்சுக்கிறதான்னு தெரியல. எவ்வளவு பெரிய முட்டாள் நான்! டாக்டர் சொன்னது அத்தனையும் நெசம். என் வலியை நம்புன ஒரே மனுசன் அவருதான். அவருகிட்டப் போயி நான் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்.

அன்னைக்கே இவியகிட்டச் சொன்னேன். "அன்னைக்கு ஊசி போட்டதும் வலி போயிருந்துச்சுங்க. நான்தான் பயந்துபோயி மாத்திச் சொல்லிட்டேன்."

"ஒரு ஊசியில நாலு வருச வலி போயிருச்சா?"ன்னாவ.

"கொஞ்ச நேரத்துக்குத்தான். பொறவு வந்துருச்சு."

"சரி. போயி அவருகிட்டச் சொல்லு"ன்னாவ. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

அடுத்த ஞாயித்துக்கிழமை இவியளையும் கூட்டிக்கிட்டுப் போயி, டாக்டர் முன்னால உக்காந்து, தேம்பித் தேம்பி எல்லாத்தையும் சொன்னேன். மேஸ்திரி நோவை மட்டும் சொல்லல. அவரு கோவப்படல. நெத்தியைத் தடவிக்கிட்டாரு. "போன வாரம் ஒண்ணு சொன்ன, இந்த வாரம் ஒண்ணு சொல்ற. எதைம்மா நான் எடுத்துக்கிறது?"ன்னு கேட்டுட்டு, "சரி, இன்னொரு தடவை பாப்போம். இந்தத் தடவை வீட்டுக்குப் போக வேண்டாம். இங்கயே என் முன்னாலயே செஞ்சு பாரு"ன்னாரு.

அதே இடத்துல ஊசி. இருபது நிமிசம் கழிச்சு, நர்ஸ் நனைச்ச துண்டு ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தா. முறுக்குனேன். அம்மாடி! உயிர் போயிட்டு வந்துச்சு. பழைய வலி, கொஞ்சமும் குறையாத வலி. இன்னைக்குப் பாத்து மருந்து வேலை செய்யலையே. இதைச் சொன்னா, அப்ப இந்த நரம்பு இல்லைன்னு மறுபடியும் பேனாவை மூடிருவாரு. அதோட போச்சு. அன்னைக்கு வலி போனது எனக்கு நல்லாத் தெரியும். வெட்டுனா கண்டிப்பாப் போகும். இந்த ஒரு நிமிசத்தைத் தாண்டிட்டாப் போதும்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு துண்டை இன்னும் நல்லா முறுக்கிப் பிழிஞ்சேன். சிரிச்சேன். "போயிருச்சுங்கய்யா. சுத்தமா இல்ல"ன்னேன்.

டாக்டர் என் முகத்தையே பாத்தாரு. பொறவு மெதுவாச் சொன்னாரு. "இன்னைக்கு நான் போட்டது மருந்து இல்லம்மா. வெறும் உப்புத்தண்ணி."

நான் படபடன்னு பேச ஆரம்பிச்சேன். "இல்லங்கய்யா, இப்ப வலிச்சுச்சு. வலிக்கலைன்னு பொய் சொன்னேன். அன்னைக்கு வலிக்கல, வலிக்குன்னு பொய் சொன்னேன். சத்தியமாச் சொல்றேன்." சொல்லும்போதே, இதைக் கேக்குற யாரும் நம்ப மாட்டாங்கன்னு எனக்கே தெரிஞ்சுது. நானே நம்பியிருக்க மாட்டேன். டாக்டர் இவியளைப் பாத்தாரு. இவிய தரையைப் பாத்துக்கிட்டு நின்னாவ.

"உன்னைப் பொய்க்காரின்னு நான் சொல்லலம்மா"ன்னாரு டாக்டர். "ஆனா வெட்டுன நரம்பை என்னால ஒட்ட முடியாது. இதை வச்சு நான் கத்தியை எடுக்க மாட்டேன்." அவரு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. இன்னைக்கு வரைக்கும் அவரு மேல எனக்கு வருத்தமில்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுல ஜன்னலோரமா எனக்கு எடம் பிடிச்சுக் குடுத்து இவிய பக்கத்துல உக்காந்தாவ. ஊருக்கு வெளிய வந்த பொறவு, யாருக்கும் கேக்காத மாதிரி குனிஞ்சு சொன்னாவ. "மில்லுக்குப் போகப் பிடிக்கலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டி. நானா உன்னை வேலைக்குப் போகச் சொன்னேன்?"

எனக்கு மொதல்ல புரியல. "என்ன சொல்றீய?"

"விடு. அன்னைக்கு நீ பெட்ஷீட் பிழிஞ்சுக்கிட்டு சிரிச்சியே, உனக்கு வலியே இல்லைன்னு அப்பவே எனக்குத் தெரியும். நான் யார்ட்டயும் சொல்லல. நீ ரெஸ்டு எடுக்கணும்னா எடு. நான் பாத்துக்கிறேன்."

திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன். அம்புட்டு அன்பாச் சொன்னாவ. என் முதுகைத் தட்டிக் குடுத்தாவ. தண்ணி ஊசி போட்டும் வலி போச்சுன்னு நானே என் வாயால சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்ட மனுசன்ட்ட இனி எதைச் சொல்லி நம்ப வைக்க? பஸ்ஸு போட்ட சத்தத்துல நான் அழுதது யாருக்கும் கேக்கல.

வீட்டுல இருன்னு எத்தனை தடவை சொன்னாவ தெரியுமா? இருந்தா என்ன அர்த்தம்? நடிச்சேன்னு ஒத்துக்கிட்டதா ஆகும். என் வீம்பு எனக்கு. மறுநாள் காலையில தூக்குவாளியை எடுத்துக்கிட்டு மில்லுக்குக் கிளம்பிட்டேன். அதே வைண்டிங், அதே மிஷின். ஏழு வருசம் பாத்தேன், தொண்ணூறுகளோட கடைசி வரைக்கும். ஒரு நாள்கூட கைக்குன்னு லீவு போடல. வலிக்குன்னு யார்ட்டயும் சொல்லல, வீட்டுல சொல்லவே இல்ல. என்னைப் பொய்க்காரின்னு நினைச்சவங்க வாயை அடைக்கணும்னு வேலை பாத்தேன். நான் பாத்த ஒவ்வொரு நாள் வேலையும் அவங்க சொன்னதுக்குத்தான் சாட்சியாப் போச்சு.

இவியளுக்கு அதுல பெருமை வேற. கடைக்கு யாராவது கைவலி, கால்வலின்னு வந்து உக்காந்தா போதும், பஞ்சர் ஒட்டுறதை நிறுத்திட்டு ஆரம்பிச்சிருவாவ. "எங்க வீட்டுலயும் நாலு வருசமா இதே பாடுதான். ராஜபாளையத்துக்கு ஒரு டாக்டர் வருவாரு பாருங்க, கெட்டிக்காரரு. வெறும் தண்ணி ஊசிதான் போட்டாரு. அன்னையோட சரியாப்போச்சு. இன்னைக்கு வரைக்கும் அவ கை வலிக்குன்னு சொன்னதே இல்ல." சொல்லிட்டு, சோத்துவாளியோட வந்து நிக்கிற என்னைத் திரும்பிப் பாப்பாவ. நானும் ஆமான்னு தலையை ஆட்டுவேன்.